கெர்னல் தொடக்க விருப்பத்தால் ரேமுக்கு வரம்பிட்டுச் சோதிப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

கோவையில் பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ அமர்ந்து மென்பொருள் எழுதுபவரின் கணினியில் இன்று 16 ஜிபி ரேம் இருப்பது இயல்பு. அதே மென்பொருளைத் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியின் அலுவலக அறையில் இயக்குபவரிடம் 4 ஜிபி, சில இடங்களில் 2 ஜிபி ரேம் கொண்ட பழைய கணினிதான் இருக்கும். சனிக்கிழமை மாலை பீஸ் ரேட் கணக்கைக் கூட்டிச் சம்பளப் பட்டியல் எடுக்கும் நேரத்தில், ஜிஎஸ்டி தளமும் நான்கைந்து உலாவித் தாவல்களும் உடன் திறந்திருக்க, அந்தக் கணினியின் திரை அசையாமல் நின்றுவிட்டால், வாசலில் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கர்தான். எழுதியவரின் கணினியில் இந்தக் கோளாறு ஒருநாளும் தெரிந்திருக்காது. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன்பே தம் கணினியை வேண்டுமென்றே குறைந்த ரேமுடன் இயக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பகுதி நிரலர்கள் எல்லோருக்கும் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்காகக் கணினியைத் திறந்து ரேம் பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. பல மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றவும் முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தொடங்கும்போதே, “இந்த எல்லைக்கு மேல் உள்ள ரேமைத் தொடாதே” என்று ஒரே சொல்லில் கூறிவிடலாம். அந்தச் சொல் “மெம்”. ஆங்கிலச் சிற்றெழுத்தில் எம், இ, எம் என மூன்று எழுத்துகள், அடுத்து சமக்குறி, அடுத்து அளவு, இறுதியில் அலகு: மெம்=4ஜி என்பது போல. இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடையில் தேவையற்ற இடைவெளி இல்லாமல் தட்டச்சிட வேண்டும்.

அலகைப் பற்றி முதலிலேயே எச்சரிக்க வேண்டியுள்ளது. கே, எம், ஜி ஆகிய மூன்றும் முறையே கிலோபைட், மெகாபைட், கிகாபைட்டைக் குறிக்கும். அலகை விட்டுவிட்டு மெம்=2048 என்று எழுதினால் கெர்னல் அதை 2048 பைட் என்றே எடுத்துக்கொள்ளும்; கணினி எழுந்திருக்காது. மெம்=1.5ஜி என்று புள்ளி வைத்து எழுதினாலும் நிலைமை அதுவே, ஏனெனில் கெர்னல் முழு எண்ணை மட்டுமே படிக்கும். புள்ளிக்கு முன் உள்ள 1 மட்டும் அதன் கணக்கில் சேரும். ஒன்றரை ஜிபி வேண்டுமென்றால் மெம்=1536எம் என்று எழுத வேண்டும்.

எண் குறிப்பது அளவை அல்ல, முகவரியை

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம். இன்டெல், ஏஎம்டி செயலிகள் உள்ள எக்ஸ்86 கணினிகளில் மெம்=4ஜி என்பதற்கு “4 ஜிபி ரேமைப் பயன்படுத்து” என்று பொருள் இல்லை. “4 ஜிபி என்ற முகவரிக்கு மேல் உள்ள ரேமை விட்டுவிடு” என்பதுதான் பொருள். கீழ்பவானி வாய்க்காலில் நாற்பதாம் மைல் வரை தண்ணீர் விடுவதும், நாற்பது மைல் நீளத்துக்கு வயலில் தண்ணீர் பாய்வதும் ஒன்றல்ல; இடையில் ஊரும் பாறையும் எவ்வளவு உள்ளனவோ அவ்வளவுக்குப் பாசன நிலம் குறையும். ரேமின் முகவரி வரிசையிலும் அப்படிப்பட்ட இடைவெளி ஒன்று உண்டு. 4 ஜிபி முகவரிக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி, வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை போன்ற பிசிஐ கருவிகளுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே ரேம் இருக்காது. அந்த அளவுக்கான ரேமை வன்பொருள் 4 ஜிபிக்கு மேல் நகர்த்தி வைத்திருக்கும்.

8 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் 0 முதல் 3 ஜிபி வரை ரேம், 3 முதல் 4 வரை கருவிகளுக்கான இடைவெளி, 4 முதல் 9 வரை மீதி 5 ஜிபி ரேம் என்று அமைந்திருந்தால், மெம்=4ஜி கொடுக்கும்போது கிடைப்பது 3 ஜிபி மட்டுமே. உண்மையாகவே 4 ஜிபி வேண்டுமென்றால் மெம்=5ஜி கொடுக்க வேண்டும். மெம்=8ஜி என்று கொடுத்தால் ஒன்றும் குறையாது என்று எண்ணத் தோன்றும்; ஆனால் 8-க்கும் 9-க்கும் இடையே உள்ள 1 ஜிபி கழிந்து 7 ஜிபிதான் மிஞ்சும். வேறு பலகையில் இடைவெளி 2 ஜிபியிலேயே தொடங்கலாம்; அங்கே மெம்=4ஜி வெறும் 2 ஜிபியைத் தரும், 4 ஜிபி பெற மெம்=6ஜி தேவைப்படும். பக்கத்து மேசைக் கணினியில் சரியாக வந்த எண் உங்கள் கணினியில் வேறு பலனைத் தருவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கு எளிது. இடைவெளிக்குக் கீழே உள்ள ரேமின் அளவை முதலில் அறிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவு அதற்குள் அடங்கினால் அதே எண்ணை எழுதலாம். அதைத் தாண்டினால், வேண்டிய அளவிலிருந்து கீழ்ப்பகுதியைக் கழித்து, மீதியை 4 ஜிபியுடன் கூட்டி எழுத வேண்டும்.

முதற்படி: உங்கள் கணினியின் வரைபடத்தைப் படித்தல்

கீழ்ப்பகுதி எவ்வளவு என்பதைக் கணினியே சொல்லும். முனையத்தை (டெர்மினல்) திறந்து, நிர்வாகி உரிமை தரும் சுடோ என்ற சொல்லுடன் டிமெசெஜ் என்ற கட்டளையை இயக்குங்கள். டி, எம், இ, எஸ், ஜி என்பவை அதன் எழுத்துகள். வெளியீட்டின் தொடக்கத்தில் பயாஸ்-இ820 என்று தொடங்கும் வரிகள் அடுக்காக வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரு தொடக்க முகவரியும் ஒரு முடிவு முகவரியும், கடைசியில் “யூசபிள்” அல்லது “ரிசர்வ்ட்” போன்ற ஒரு சொல்லும் இருக்கும். “யூசபிள்” என்று முடியும் வரிகள் மட்டுமே பயன்படுத்தத்தக்க ரேம்.

முகவரிகள் பதினாறடிமான எண்ணில் இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கு அடையாளங்களை நினைவில் வைத்தால் போதும்: 4-ஐ அடுத்து ஏழு பூச்சியங்கள் வந்தால் 1 ஜிபி, 8-ஐ அடுத்து ஏழு வந்தால் 2 ஜிபி, ‘சி’ என்ற எழுத்தை அடுத்து ஏழு வந்தால் 3 ஜிபி, 1-ஐ அடுத்து எட்டுப் பூச்சியங்கள் வந்தால் 4 ஜிபி. பெரும்பாலான கணினிகளில் 1-ஐயும் எட்டுப் பூச்சியங்களையும் தொடக்கமாகக் கொண்ட ஒரு “யூசபிள்” வரி பட்டியலின் முடிவில் இருக்கும், அதுவே மேற்பகுதி. அதற்கு முந்தைய “யூசபிள்” வரி எங்கே முடிகிறது என்று பார்த்தால் கீழ்ப்பகுதியின் உயரம் தெரிந்துவிடும். இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வரம்பிடாத நிலையில் ஃப்ரீ -எச் என்ற கட்டளை காட்டும் மொத்த ரேம் அளவையும் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; பின்னர் ஒப்பிடுவதற்கு இரண்டும் வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும் வரம்பிடுதல்

கோப்புகளில் கை வைப்பதற்கு முன் இந்த வழியில்தான் முயல வேண்டும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். தவறான எண்ணைக் கொடுத்துக் கணினி நின்றுவிட்டாலும், மின்விசையை அழுத்தி மறுபடி தொடங்கினால் பழைய நிலை தானாகவே திரும்பிவிடும், எதுவும் அழியாது.

கணினியை மறுதொடக்கம் செய்து, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரத்தில் இயங்குதளத்தைத் தொடக்கி வைக்கும் கிரப் என்ற நிரலின் பட்டியலை வரவழைக்க வேண்டும். யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை உள்ள கணினியில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் பட்டியலுக்குப் பதிலாக வெறும் கட்டளை வரி வந்து நிற்கும். அங்கே நார்மல் என்று தட்டச்சிட்டு என்டர் அழுத்தினால் பட்டியல் வரும்.

பட்டியலில் உங்கள் இயங்குதளத்தின் வரியில் நின்று, இ என்ற எழுத்து விசையை அழுத்துங்கள். ஒரு திருத்தப் பக்கம் திறக்கும். அதில் லினக்ஸ் என்ற சொல்லுடன் தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். உபுண்டுவிலும் லினக்ஸ் மின்ட்டிலும் அது பெரும்பாலும் கொயட், ஸ்பிளாஷ் என்ற இரு சொற்களை ஒட்டி முடியும். வரி திரையின் அகலத்தைத் தாண்டி மடங்கியிருக்கலாம். எண்ட் விசையை அழுத்தினால் உண்மையான முடிவுக்குச் செல்லலாம். அங்கே ஓர் இடைவெளி விட்டு, மெம்=5ஜி என்பது போல உங்கள் கணக்குக்கு ஏற்ற எண்ணை எழுதுங்கள். கொயட், ஸ்பிளாஷ் இரண்டையும் இப்போதைக்கு நீக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் ஏதேனும் தடை ஏற்பட்டால் அதன் செய்தி திரையில் தெரியும். பிறகு கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ், அல்லது எஃப்10 அழுத்தித் தொடங்குங்கள்.

மிகக் குறைவாக வரம்பிட்டால், தொடக்கத்துக்கு வேண்டிய தற்காலிகக் கோப்பமைப்பு விரிவதற்கே இடம் போதாமல் கெர்னல் பேனிக் என்ற செய்தியோடு கணினி நிற்கும். வரைகலைத் திரையுடன் கூடிய இன்றைய இயங்குதளங்களுக்கு 1 ஜிபிக்குக் கீழே இறங்குவதில் பயன் இல்லை. 2 ஜிபியில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கலாம்.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எடுத்த சோதனை முடிவை யாரிடமும் காட்டக் கூடாது. கணினி எழுந்ததும் கேட் /ப்ராக்/சிஎம்டிலைன் என்ற கட்டளையை இயக்குங்கள். கெர்னல் பெற்ற விருப்பங்கள் ஒரே வரியில் வரும். அதில் நீங்கள் எழுதிய சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃப்ரீ -எச் இயக்கி, மொத்தம் என்ற நெடுவரிசையில் உள்ள எண்ணைத் தாளில் குறித்த பழைய எண்ணுடன் ஒப்பிடுங்கள்.

இங்கே காணும் எண் நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கெர்னல் தனக்கும், ரேமைப் பக்கங்கள் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் தன் பதிவேட்டுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் பதிவு என்பதால், அதுவே ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. செயலியோடு இணைந்த வரைகலைக்கு ஒதுக்கிய பகுதியும் இந்த மொத்தத்தில் சேராது. உண்மையான 4 ஜிபி கணினியிலும் 3.7 அல்லது அதை ஒட்டிய எண்ணே பொதுவாகக் காட்டப்படும். ஆகவே உங்கள் குறிக்கோள் 4 என்ற முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் கணினியில் ஃப்ரீ காட்டும் எண்ணை ஒட்டி வந்தால் போதும். முடிந்தால் அவரிடமே கேட்டு அந்த எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

டிமெசெஜ் வெளியீட்டை மீண்டும் பார்த்தால், பழைய பயாஸ்-இ820 வரிகளுக்குப் பின்னர், பயனர் வரையறுத்த வரைபடம் என்ற பொருள்படும் தலைப்பின் கீழ் புதிய வரிகள் சேர்ந்திருப்பதைக் காணலாம். வரம்பு எங்கே விழுந்தது என்பதை அந்த வரிகள் நேரடியாகக் காட்டும்.

சோதனையைக் கெடுக்கும் மூன்று

முதலாவது ஸ்வாப். ரேம் தீர்ந்ததும் கெர்னல் பக்கங்களை வட்டுக்கு மாற்றும். உங்கள் எஸ்எஸ்டியில் அது வேகமாக நடந்துவிடுவதால், மென்பொருள் தாங்குகிறது என்ற தவறான நம்பிக்கை வரும். வாடிக்கையாளரிடம் பழைய சுழல்வட்டு இருந்தால் அங்கே நிலைமை முற்றிலும் வேறு. சுடோ ஸ்வாப்ஆஃப் -ஏ என்ற கட்டளையால் ஸ்வாப்பை அணைத்து ஒருமுறையும், அணைக்காமல் ஒருமுறையும் சோதிப்பது நல்லது. ஃபெடோரா 33 முதல், ரேமிலேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறை இயல்பாகவே இயங்குகிறது. அதுவும் முடிவை மாற்றும்.

இரண்டாவது, நிரலைக் கொல்வது யார் என்ற கேள்வி. ரேம் முற்றிலும் தீர்ந்தால் கெர்னலே ஒரு நிரலைத் தேர்ந்து நிறுத்தும். டிமெசெஜ் வெளியீட்டில் “அவுட் ஆஃப் மெமரி” என்ற வரி வரும். ஃபெடோரா 34, உபுண்டு 22.04 முதலியவற்றில் சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற பணியும் இருப்பதால், கெர்னலுக்கு முன்பே அது குறுக்கிட்டு நிரலை மூடலாம். அதன் தடயம் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிடைக்கும். மென்பொருள் திடீரென மறைந்தால் இரண்டு இடத்திலும் பார்க்காமல் உங்கள் நிரலைக் குறை சொல்ல வேண்டாம்.

மூன்றாவது செயலி. ரேமை மட்டும் குறைத்துவிட்டு எட்டு கருக்கள் (கோர்) கொண்ட செயலியில் சோதித்தால் பழைய கணினியின் நிலை முழுமையாக வராது. அதே வரியில் மேக்ஸ்சிபியூஸ்=2 என்று சேர்த்தால் கெர்னல் இரண்டு கருக்களை மட்டும் எழுப்பும். விசைத்தறிக் கூடத்துக்கான உற்பத்திப் பதிவேட்டையோ ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கான ஏலக் கணக்கையோ எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்தே வரம்பிடலாம்.

நிலையாக வைப்பது

நாள்தோறும் சோதிக்க வேண்டியிருந்தால் கோப்பில் எழுதி வைக்கலாம். டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் ஈடிசி என்ற கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற கோப்புறையில் கிரப் என்ற கோப்பு உள்ளது. முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, நிர்வாகி உரிமையுடன் திறந்து, கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்று தொடங்கும் வரியில், மேற்கோள் குறிகளுக்குள் மெம் விருப்பத்தைச் சேருங்கள். சேமித்தபின் சுடோ அப்டேட்-கிரப் இயக்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்; இதை மறப்பவர்கள் பலர். ஃபெடோராவில் கிரபி என்ற கருவி இந்த வேலையைச் செய்யும்.

பணிபுரியும் கணினியில், அதிலும் பிறர் கணக்கு வைத்திருக்கும் கணினியில், இதை நிலையாக விடுவதை நான் ஏற்க மாட்டேன். எக்ஸ்86-இல் மெம் விருப்பத்தைத் தனியே பயன்படுத்தினால், வெட்டப்பட்ட ரேமின் முகவரிகளில் பிசிஐ கருவிகள் அமர்த்தப்பட்டு மோதல் வரக்கூடும் என்று கெர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. சோதனைக்குத் தனிக் கணினி இல்லாதவர்கள் ஒருமுறைத் திருத்தத்தோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு.

ஒரே ஒரு நிரலின் பசியை மட்டும் அளக்க வேண்டுமென்றால் மறுதொடக்கமே தேவையில்லை. சிஸ்டம்டி-ரன் கட்டளையில் மெமரிமேக்ஸ்=500எம் என்ற பண்பைக் கொடுத்து, அந்த நிரலை மட்டும் 500 எம்பிக்குள் அடைக்கலாம். ஆனால் உங்கள் நிரலுடன் உலாவியும் தரவுதளமும் இயங்குதளமும் ஒரே ரேமுக்குப் போட்டியிடும் நிலையை இது காட்டாது. கணினியின் மொத்த ரேமைப் பார்த்துத் தம் அளவைத் தீர்மானிக்கும் நிரல்களும் உண்டு. ஜாவா இயல்பாக மொத்த ரேமில் நான்கில் ஒரு பங்கைத் தன் தரவுகளை வைக்கும் குவியலின் (ஹீப்) உச்சவரம்பாகக் கொள்ளும். இத்தகையவை முழுமையான சிறு கணினியில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்குக் கெர்னல் வரம்பே நம்பகமான சோதனை. மெய்நிகர்க் கணினி இன்னொரு வழி. ஆனால் வரைகலை வேகம் அங்கே வேறாக இருக்கும்.

பழுதான ரேமை ஒதுக்கி வைத்தல்

மெம்டெஸ்ட்86+ சோதனையில் ரேமின் ஏதோ ஒரு சிறு பகுதி மட்டும் பழுது என்று தெரிந்தால், பட்டையை மாற்றும்வரை அந்தப் பகுதியை மட்டும் கெர்னலிடமிருந்து மறைக்கலாம். மெம் விருப்பம் இதற்கு ஏற்றதல்ல, ஏனெனில் அது பழுதுக்கு மேல் உள்ள நல்ல ரேமையும் சேர்த்து வெட்டிவிடும். இங்கே மெம்மேப் என்ற விருப்பம் உதவும். மெம்மேப்=1எம்$1800எம் என்று எழுதினால், 1800 எம்பி முகவரியில் தொடங்கி 1 எம்பி மட்டும் ஒதுக்கப்படும். நடுவில் உள்ள டாலர் குறியை கிரப் தன் மாறியின் அடையாளம் என்று எண்ணிவிடும் என்பதால், திருத்தப் பக்கத்தில் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடும், கோப்பில் எழுதும்போது மூன்று பின்சாய்கோடுகளும் இட வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் கெர்னலுக்கு வேறு பொருளில் சேர்ந்து கணினி தொடங்காமல் போகலாம். ஆகவே இதற்கும் /ப்ராக்/சிஎம்டிலைன் பார்ப்பது கட்டாயம். பழுது பல இடங்களில் பரவியிருந்தால் ஒதுக்கி வைத்துப் பயன் இல்லை, பட்டையை மாற்றிவிடுங்கள். கணக்குத் தரவு உள்ள கணினியில் பழுதான ரேம் சேமிக்கும் கோப்பையே கெடுத்துவிடும்.

விண்டோஸிலும் ராஸ்பெரி பையிலும்

விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் தாவலில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் சென்றால், அதிகபட்ச நினைவகம் என்ற பெட்டி இருக்கும். வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் யாரோ அதில் குறியிட்டு ஓர் எண்ணையும் விட்டுச் சென்றிருக்கும் கணினிகள் அலுவலகங்களில் தென்படுகின்றன. அந்தப் பெட்டி ரேமைக் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். 8 ஜிபி பட்டை போட்டும் பயன்படுத்தத்தக்கது குறைவாகக் காட்டினால், ரிசோர்ஸ் மானிட்டரில் வன்பொருளுக்கு ஒதுக்கியது என்ற பகுதி பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். பெருத்திருந்தால், புதிய ரேம் வாங்கக் காந்திபுரம் கடைக்குச் செல்வதற்கு முன் அந்தக் குறியை நீக்கி மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும்.

ராஸ்பெரி பை 4 என்ற சிறு பலகைக் கணினியில் கிரப் இல்லை. தொடக்கப் பிரிவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் டோட்டல்_மெம்=1024 என்று எழுதினால் 1 ஜிபி பலகை போல இயங்கும்; இங்கே எண் மெகாபைட்டிலேயே படிக்கப்படுவதால் அலகு எழுதக் கூடாது.

சோதனை முடிந்ததும், ஒருமுறைத் திருத்தமாக இருந்தால் மறுதொடக்கம் மட்டும் போதும். கோப்பில் எழுதியிருந்தால், சேர்த்த சொல்லை நீக்கிச் சேமித்து, அப்டேட்-கிரப்பை மீண்டும் இயக்கி, மறுதொடக்கம் செய்தபின், ஃப்ரீ -எச் காட்டும் மொத்தம் தாளில் முதலில் குறித்த எண்ணுக்குத் திரும்பியதா என்று பார்த்த பிறகே கணினியை அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.